சங்கப் பாட்டுப் பறவைகளை வரையக் கொடைக்கானல் போகிறவர்களுக்கு

குறுந்தொகையையும் ஒரு பென்சில் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கு மூன்று முறை போனேன். முதல் முறை சோதனைச் சாவடியில் நின்றேன். இரண்டாம் முறை மழையில் நனைந்தேன். மூன்றாம் முறைதான் உருப்படியாக வரைந்தேன்.

பழம்பாடல்களில் வரும் பறவைகளை நேரில் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வரைய வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. குறிஞ்சி என்றால் மலை, மலை என்றால் கொடைக்கானல் என்று ஒரு கணக்குப் போட்டேன். அது தப்புக் கணக்கு. எங்கே தப்பியது, எதற்கு எவ்வளவு ஆனது, எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இதே ஆசையோடு கிளம்புகிறவர்கள் ஒரு தடவையிலேயே வேலையை முடித்துக்கொள்ளட்டும்.

1. முதலில் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள்

முதல் முறை என் கையில் பன்னிரண்டு பெயர் இருந்தது: அன்றில், அன்னம், நாரை, மகன்றில், மயில், கிளி, கானக்கோழி, குயில் என்று போகும். அதில் பாதி மலைப் பறவையே இல்லை. அன்றில் பனைமரத்தில் கூடு கட்டும் நெய்தல் பறவை. நாரைக்கு வயலும் கழியும் வேண்டும். அவற்றைத் தேடிக் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் ஏறிப் போனது பனங்கிழங்கு வாங்க ஊட்டிக்குப் போன கதைதான்.

இன்னொன்று மலைக்குப் போன பிறகே புரிந்தது. குறிஞ்சிப் பாட்டுகளில் வரும் கிளியும் மயிலும் தினைப்புனத்துப் பறவைகள். தினைப்புனம் இருப்பது மலைச்சரிவில், அடிவாரத்தில். கொடைக்கானல் ஏரிக்கரைக் குளிரில் மயிலைத் தேடினால் சால்வைக் கடையில் துணியில் பின்னிய மயில்தான் கிடைக்கும். உச்சிமலைச் சோலைக்காடுகளுக்கே உரிய பறவைகளைப் பாட்டுக்குள் நான் எங்கும் அடையாளம் காணவில்லை.

ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். அடிவாரத்தில் பாட்டில் உள்ள பறவைகளை வரையுங்கள். மேலே பாட்டில் இல்லாத பறவைகளை, பாட்டு சொல்லிக்கொடுத்த முறையில் வரையுங்கள். அது என்ன முறை என்பது அடுத்த படியில் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் வந்தால் பி.எல். சாமி எழுதிய ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ உதவும். பாடல்கள் உரையோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலைந்து பாட்டை மட்டும் அச்செடுத்து நோட்டின் பின்னட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மலையில் போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

2. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு: மொட்டைமாடிக் காக்கை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் தாண்டினேன். மலையில் ஒரு பறவை உங்கள் முன்னால் பத்து விநாடி நிற்கும். அந்தப் பத்து விநாடியில் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பள்ளிக்கூடம் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது.

விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடியதற்காகவே நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். தினமும் காலையில் சோறு வைத்துவிட்டு அந்தக் காக்கையைப் பதினைந்து நிமிடம் வரையுங்கள். கண், மூக்கு என்று நுணுக்கம் வேண்டாம். உடம்பின் சாய்வு, கழுத்தின் சாம்பல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கரையும்போது தொண்டை எப்படிப் புடைக்கிறது என்ற அளவில் போதும்.

பிறகு கீழ்க்கண்ட மூன்று வரிகளை ஓவியப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். என் மூன்று பயணத்திலும் உருப்படியாகக் கற்றது இவ்வளவுதான்.

குறுந்தொகையில் ‘உள்ளூர்க் குரீஇத் துள்ளுநடைச் சேவல்’ என்று ஒரு வரி. சிட்டுக்குருவி காக்கையைப் போல ஒவ்வொரு காலாக வைத்து நடக்காது. இரண்டு காலையும் சேர்த்துத் துள்ளும். ‘துள்ளுநடை’ என்ற ஒரு சொல்லில் கால்கள் இரண்டும் எப்படி இருக்க வேண்டும் என்பது வந்துவிடுகிறது. எந்தப் பறவையைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இது நடக்கிறதா, துள்ளுகிறதா, ஓடி நிற்கிறதா?

அதே தொகையில் கபிலர் குருகின் காலைத் ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால’ என்கிறார். ஒழுகும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் பறவை. குருட்டுக்கொக்கின் காலை நெருங்கிப் பார்த்தால் பச்சையும் மஞ்சளும் கலந்து அறுவடைக்கு முந்தைய தினைத்தட்டைப் போலத்தான் இருக்கிறது. காலின் நிறத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இந்த வரியால் வந்தது.

மூன்றாவது சத்திமுத்தப் புலவரின் நாரை. அதன் அலகுக்குப் ‘பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன’ என்று உவமை. பனங்கிழங்கை வேகவைத்து நீளவாக்கில் பிளந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். நீங்களும் ஒவ்வொரு பறவைக்கும் உங்கள் சமையற்கட்டிலிருந்தோ வயலிலிருந்தோ ஒரு உவமையைப் படத்தின் பக்கத்தில் எழுதுங்கள். அறைக்குத் திரும்பி வண்ணம் தீட்டும்போது, புகைப்படத்தைவிட அந்தச் சொல்லே நினைவை மீட்டுத் தரும். தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் தன் கட்டுரைகளுக்குத் தானே படமும் வரைந்தவர். சொல்லும் கோடும் ஒரே கையிலிருந்து வருவது நமக்குப் புதிதல்ல.

3. எந்த மாதம்

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. வேறு யோசனையே வேண்டாம்.

ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம். நான் முதலில் போனது 2024 மே. ஏரிச் சாலையில் குதிரை, சைக்கிள், ஹாரன் சத்தம். பறவையின் குரல் காதில் விழவே இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நான் இரண்டாவதாகப் போனது அந்த ஆண்டு நவம்பர். நான்கு நாளில் மூன்று நாள் பனிமூட்டத்தைத்தான் வரைந்தேன். பக்கம் முழுக்க வெள்ளை, அதை வரையப் பென்சிலே தேவையில்லை. போதாக்குறைக்கு அட்டைக் கடி வேறு.

ஜனவரியில் விடியற்காலைக் குளிர் எலும்பைக் குத்தும், பள்ளமான இடங்களில் உறைபனிகூட விழும். ஆனால் வானம் தெளிவாக இருக்கும். வடக்கிலிருந்து வலசை வந்த சாம்பல் வாலாட்டி அப்போது ஓடையோரமும் சாலையோரமும் நடந்துகொண்டிருக்கும். வாலை ஆட்டி ஆட்டி ஒரே இடத்தையே சுற்றி வருகிற பறவை அது. புதிதாக வரைகிறவர்களுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். சேர ஆசைதான். ஆனால் அந்த நாட்களில் கொடைக்கானலில் அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் வாடகை இரட்டிப்பு. கணக்கெடுப்பை உங்கள் ஊரில் முடித்துவிட்டு, பொங்கல் கூட்டம் இறங்கிய அடுத்த திங்கட்கிழமை ஏறுங்கள்.

4. இ-பாஸ்: நான் சாவடியில் நின்ற கதை

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். அதற்கு அடுத்த வாரம் நான் வாடகைக் காரில் போனேன். “அதெல்லாம் மேல போய்ப் பாத்துக்கலாம்க்கா” என்றார் ஓட்டுநர் தம்பி. மேலே போய்ப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற அத்தனை வண்டிக்காரர்களும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள். விடிகாலையில் சோலையோரம் இருக்க வேண்டியவள் பத்தரை மணிக்குச் சாவடியில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போங்கள். பெயர், முகவரி, வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளமோ ஆளோ வந்தால் விலகிவிடுங்கள். வாடகைக் கார் என்றால் வண்டி எண்ணை முதல்நாளே கேட்டு வாங்கி நீங்களே எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் வேறு வண்டி அனுப்பினால் பாஸ் செல்லாது. வந்த பாஸைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கோடையில் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸே வேண்டாம். மூன்றாம் முறை நான் பேருந்தில்தான் போனேன். சன்னலோரம் கிடைத்தால் வரையவும் செய்யலாம்.

5. எந்த வழியாக ஏறுவது

மதுரையிலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையத்தில் ஏறி வத்தலக்குண்டு வழியாகப் போவதுதான் வழக்கம். ரயிலில் வந்தால் கொடை ரோட்டில் இறங்கி அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஆனால் இந்த வேலைக்கு நான் பழனி வழியையே சொல்வேன். பழனியிலிருந்து மேலே சுமார் 65 கிலோமீட்டர். வளைவுகள் அதிகம், வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழனியைச் சொல்வதற்குக் காரணம் மயில். குளிரில் நடுங்குகிறது என்று மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட பொதினிதான் இன்றைய பழனி. ‘மடத்தகை மாமயில் பனிக்கும் என்று அருளி’ என்று பரணர் பாடிய இடத்திலேயே மயிலை வரையக் கிடைப்பது லேசான பாக்கியமா? அடிவாரத்தில் ஒரு இரவு தங்கி, காலை ஆறு மணிக்குக் கொடைக்கானல் சாலையில் வரதமாநதி அணைப் பக்கம் போங்கள். மயிலும் கிளியும் அங்கே உண்டு.

மயிலை வரையும்போது எல்லோருக்கும் ஒரு தடங்கல் வரும். நம் கண்ணில் முருகனின் வாகன மயில் பதிந்து கிடக்கிறது: நெஞ்சை நிமிர்த்தி, அலகில் பாம்பைக் கவ்வி, நேர்முகமாக. நேரில் பார்க்கும் மயில் அப்படி நிற்பது அபூர்வம். குனிந்து தீனி பொறுக்கும், தோகை சேற்றில் இழுபடும், கழுத்து பாம்பு மாதிரி நெளியும். முதலில் கோயிலில் சிற்ப மயிலை ஒரு பக்கம் வரைந்துவிட்டு எதிர்ப்பக்கத்தில் உயிர்மயிலை வரையுங்கள். சிற்பி எதை விட்டார், எதைப் பெருக்கினார் என்று அப்போது தெரியும். இரண்டும் பிழையல்ல. சந்நிதிக்குள் வரைவதற்கு முன் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படம் எடுக்கத்தான் தடை, வரையத் தடையில்லை என்று அவர்களே பல சமயம் சொல்வார்கள்.

6. பையில் என்ன

ஏ5 அளவு நோட்டு, 2பி பென்சில் மூன்று, வண்ணப் பென்சில் பன்னிரண்டு, கெட்டி அட்டை ஒன்று, இரண்டு ரப்பர் பேண்ட். எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது.

நீர்வண்ணத்தை மலையேற்றாதீர்கள். ஈரக்காற்றில் காயவே காயாது. நவம்பரில் நான் வரைந்த சின்னானின் (கொண்டைக்குருவியின்) செம்மீசை அடுத்த பக்கத்து வாலாட்டியின் வயிற்றில் ஒட்டிக்கொண்டது. நீர்வண்ணம்தான் வேண்டும் என்றால் அறையில் உட்கார்ந்து தீட்டி, பக்கங்களுக்கு நடுவே வெண்ணெய்த்தாள் வையுங்கள். ஜெல் பேனாவும் வேண்டாம்.

இருநோக்கி (பைனாகுலர்) 8x42 அளவு நல்லது. இதற்கென்று வாங்கினால் ஆறாயிரத்துக்குமேல் ஆகும், முதல் பயணத்துக்குக் கடன் வாங்குங்கள். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியை வைத்திருப்பவர்கள் இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டு இணையத்திலேயே இறக்கிவிடுங்கள். சோலையோரம் நின்று இறக்க முயன்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காதுகுல்லாய், விரல் நுனி வெட்டிய கையுறை, ஸ்டீல் தண்ணீர் பாட்டில். கடைசியாகச் சொன்னது முக்கியம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலை மேலே கொண்டுபோகக் கூடாது, சோதனையில் பிடித்தால் பணம் கட்ட வேண்டும். கருஞ்சிவப்பு, வெள்ளை உடைகளைத் தவிர்த்து மங்கலான பச்சை, பழுப்பில் போங்கள்.

7. தங்குமிடம்

ஏரிக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவில் மலிவான அறைகள் உண்டு. வார நாளில் எனக்கு ஓர் இரவு 1,200 ரூபாய். பக்கத்து மலைக்கிராமமான வட்டக்கானலில் தங்கினால் காலையில் வாசலிலேயே பறவை, ஆனால் வாடகை கூடும். ஆதார் அசலும் இரண்டு நகலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக வரும் பெண்கள் போனில் பேசி, ஒருவர்தான் வருகிறேன் என்று தெளிவாகச் சொல்லி முன்பதிவு செய்யுங்கள். முன்பணம் வாங்கியபின் நேரில் பார்த்து, “ஃபேமிலிக்குத்தாம்மா தர்றோம்” என்று கையை விரித்த விடுதியும் உண்டு. முன்பணம் திரும்பி வரப் பத்து நாள் ஆனது. முன்பதிவுக்கான குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அதுவாவது வந்தது.

8. காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை

நாள் முழுக்க வரையலாம் என்ற கனவு வேண்டாம். மலையில் பறவை நேரம் இந்த மூன்று மணிதான். பதினொரு மணிக்குமேல் பேருந்துக் கூட்டம், மதியத்துக்குப் பிறகு மூட்டம்.

புதியவர்கள் விழும் குழி பூங்கா. பிரையண்ட் பூங்காவின் கதவு திறப்பதற்குள் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். முதல் நாள் ஏரியைச் சுற்றுங்கள். சுமார் 5 கிலோமீட்டர். முழுக்கச் சுற்றவும் வேண்டாம், ஆள் குறைந்த ஒரு மூலையில் உட்காருங்கள். முக்குளிப்பான் முங்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்டலாம். கரையோரம் குருட்டுக்கொக்கு நின்றால் கபிலர் சொன்ன காலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேலிப் புதர்களில் செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் கூட்டமாக வரும்.

இரண்டாம், மூன்றாம் நாட்களுக்கு வட்டக்கானல், பாம்பார் சோலைப் பக்கம். ஊருக்குள்ளிருந்து ஆட்டோவுக்கு 250 ரூபாய் கொடுத்தேன். சோலைக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதியின்றிப் போனால் அபராதம். போக வேண்டிய தேவையும் இல்லை. சோலை முடிந்து சாலை தொடங்கும் ஓரத்தில்தான் வெளிச்சம் இருக்கிறது, பறவையும் அங்கே வருகிறது.

ஒரு இடத்தில் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் எழாதீர்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றுமே வராது. அந்த இருபது நிமிடத்தில்தான் நான் முன்பெல்லாம் எழுந்து அடுத்த வளைவுக்குப் போனேன். காத்திருந்தால் சிரிப்பு கேட்கும். பழனி சிரிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழும் பறவை, இந்த மலையின் பெயரையே தாங்கியது. வெள்ளைப் புருவம், சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு. இரண்டு மூன்றாக வந்து புதர்ப்பழங்களைப் பறித்துத் தின்னும், ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது. அதன் வயிற்று நிறத்துக்கு நான் எழுதிய உவமை ‘நல்லெண்ணெயில் வதக்கிய மிளகாய் வற்றல்’. உங்களுடையது வேறாக இருக்கட்டும்.

இருட்டான தரைப்பகுதியில் நீலமாக ஒன்று துள்ளினால் அது வெண்வயிற்றுச் சோலைக்கிளியாக இருக்கலாம். பெயரைக் கேட்டு, கிளியைப் பாடும் ஐங்குறுநூற்றுக் கிள்ளைப்பத்தைப் புரட்டாதீர்கள், இது கிளியே இல்லை, பூச்சி தின்னும் சிறு பாட்டுப் பறவை. 2017-இல் இதற்கு வைத்த அறிவியல் பேரினப் பெயர் ஷோலிகோலா, சோலையில் வாழ்வது என்று பொருள். நம் ‘சோலை’ லத்தீனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கருப்பும் ஆரஞ்சுமாக உள்ள ஈப்பிடிப்பானும் தாழ்ந்த கிளையிலேயே இருக்கும், பறந்து போனாலும் பக்கத்திலேயே திரும்பி உட்காரும். அதனால் வரைய வாகானது.

ஓடைப் பக்கம் தங்கியிருந்தால் விடிவதற்கு முன்னால் யாரோ வேலையற்ற பையன் சீட்டியடித்துக்கொண்டு போவது போலக் கேட்கும். பாட்டு பாதியில் நிற்கும், மறுபடி வேறு மெட்டில் தொடங்கும். அது சீகாரப் பூங்குருவி. நிழலில் கருப்பு, வெயில் பட்டால் நெற்றியிலும் தோளிலும் நீலம். நான் அதை மூன்று நாளில் ஒருமுறைதான் முழுதாகப் பார்த்தேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அதன் குரலை ஏறி இறங்கும் கோடாக வரைந்து வைத்திருக்கிறேன். கண்ணுக்கு அகப்படாத பறவையைக் காதால் வரையலாம்.

வட்டக்கானலில் தேநீர் போட்ட அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்து, “கேமரா கொண்டாரலியாம்மா?” என்று பரிதாபப்பட்டார். பிறகு ஒரு பக்கத்தைக் காட்டி, “இது வாலு இன்னுங் கொஞ்சம் மேல தூக்கும்” என்றார். சரியாகத்தான் சொன்னார். உள்ளூர்க்காரர்களிடம் படத்தைக் காட்டத் தயங்காதீர்கள்.

காட்டெருமை விஷயத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம். கொடைக்கானலில் அவை தெருவிலேயே நடக்கும், மாடு மாதிரி சாதுவாகத் தெரியும். ஐம்பது அடிக்குள் வந்தால் நோட்டை மூடிவிட்டுப் பின்வாங்குங்கள்.

9. பேரிஜம் போகிறவர்கள்

பேரிஜம் ஏரி காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது, ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு. காலையில் உள்ளே விட்டு மாலைக்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் முன்னறிவிப்பின்றி மூடுவார்கள். ஆகவே அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மூடியிருந்தால் மறுநாள் போகலாம் என்ற இடம் இருக்கட்டும். வண்டிப் பதிவுப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், உங்கள் ஆதார் நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

வண்டியைப் பங்குபோட்டால் ஒரு தலைக்கு 600 ரூபாய் வந்தது. ஆனால் பங்காளிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எனக்கு வாய்த்தவர்கள் ஒவ்வொரு வியூபாயிண்டிலும் ஐந்து நிமிடம் என்று இறங்கி ஏறினார்கள். வரைந்தது அரைப் பக்கம். என்னைக் கேட்டால், முதல் பயணத்தில் பேரிஜத்தை விட்டுவிடலாம்.

10. சட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

கீழே கிடக்கும் இறகை நோட்டில் ஒட்ட ஆசை வரும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளின் இறகு, கூடு, முட்டை எதையும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. தானாக உதிர்ந்த மயில்தோகைக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு உண்டு. காட்டுக்கோழியின் கழுத்திறகு, மீனை ஏமாற்றத் தூண்டிலில் போலி ஈ கட்டுவதற்காக ஒரு காலத்தில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான சரக்கு, அதையும் தொடாதீர்கள். இறகை அது கிடக்கும் இடத்திலேயே வரைந்துவிட்டு வாருங்கள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பவரிடம் போய் ‘மாதிரிக்கு’ உட்கார்ந்து வரைவதும் வேண்டாம், கிளி வளர்ப்பதே குற்றம். கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று அது தீனியை விட்டுவிட்டு அலைமோதும்.

11. மொத்தச் செலவு

2025 ஜனவரியில் நான்கு இரவு, ஐந்து நாளுக்கு எனக்கு ஆனது: பேருந்து போகவர 500, அறை 4,800, சாப்பாடு 1,750, ஆட்டோவும் பேரிஜம் பங்கும் 1,100, நோட்டு பென்சில் 900. ஒன்பதாயிரத்துச் சொச்சம். பழனி அடிவாரத்து இரவும் இதில் அடக்கம். முதல் முறை வாடகைக் காரில் இரண்டே நாளில் இதைவிட அதிகம் செலவழித்து, ஒரு முழுப் பறவைகூட வரையாமல் திரும்பினேன்.

12. இறங்கும்போது

நோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். காலை முதல் பேருந்தைப் பிடித்து, பழனி வழியாகவே இறங்குங்கள். நோட்டு மடியில் இருக்கட்டும்.

குறுந்தொகையில் கானக்கோழிச் சேவலின் பொறி படர்ந்த கழுத்தில் குளிர்ந்த நீர்த்துளி விழும் காட்சி ஒன்று உண்டு. அதைப் படிக்கும்போதெல்லாம் ‘பொறி’ என்பது அலங்காரச் சொல் என்று நினைத்திருந்தேன். மேலே இருந்த நாளெல்லாம் தேடிக் கிடைக்காத கோழி அது. பாதி மலை இறங்கியபின், எதிரே வந்த லாரிக்கு வழிவிட எங்கள் பேருந்து ஒரு வளைவில் நின்றது. சாலையோரப் புதரிலிருந்து சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று வெளியே வந்து நின்றது. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது, இலையிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கழுத்து நிறைய வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள், ஒவ்வொன்றும் மெழுகு வைத்தது போல மின்னியது. லாரி தாண்டும்வரை பதினைந்து விநாடி இருக்கும். பென்சிலை எடுத்து கழுத்தை மட்டும் வரைந்தேன். பேருந்து குலுங்கியதில் கோடு கொஞ்சம் கோணல், அதை அழிக்கவில்லை.